இந்தத் தளத்தில் மட்டும்

வைற்ஹோர்ஸில் டிசம்பர்.
பதினொரு மணியாகிறது விடிய.
நாலு மணிக்குள் கடையைச் சாத்திவிடுகிறது சூரியன்.
போதாதென்று
திரையையும் நானே கறுப்பாக்கி வைத்திருக்கிறேன்.

ஒற்றைத் தலையிடி.
இடது புருவத்துக்கு மேலே
ஆணி இறக்கும் வெள்ளைப் பக்கங்கள்.
பிரவுசரிடம் சொல்லிவிட்டேன்:
யாரிடமும் கேட்காதே, எல்லாவற்றையும் இருட்டாக்கு.
சம்மதித்தவை, சம்மதிக்காதவை,
எல்லாத் தளங்களும் ஒரே இரவில்
கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டன.

ஹொட்டேலின் முன்மேசை என்னுடையது,
இரவு பதினொன்றிலிருந்து காலை ஏழு வரை.
வெளியே மைனஸ் முப்பத்தைந்தில்
மூக்கில் மின்கயிறு செருகிய வண்டிகள்
அவசரப் பிரிவு நோயாளிகள்போல் கிடக்கின்றன.

முதலில் குழம்பியது வானிலைத் தளம்.
வரைபடம் முழுக்கக் கறுப்புப் பனி.
'யூகோனில் கரி பெய்கிறதா?' என்று சிரித்தாள் மரிசெல்.
முகவரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பொத்தான்:
இந்தத் தளத்தில் மட்டும் வேண்டாம்.
தட்டினேன். வடக்கு மறுபடி வெளுத்தது.

பிறகு வங்கி.
கையெழுத்துப் பெட்டி கறுப்பு, மையும் கறுப்பு.
பவளராணி என்று எழுதினேன்,
எழுதினேன் என்று நம்பி அனுப்பினேன்.
பெட்டி காலி என்று திருப்பி அனுப்பினார்கள்.

பிறகு மகனின் பள்ளிக்கூடம்.
புகைப்படம் என்றால் விட்டுவிடும் இந்த இருட்டு;
கீறிய படத்தை எழுத்தென்று நினைத்து
நிறத்தைப் புரட்டிவிடும்.
அவனுடைய கிறெயோன் சூரியன் நீலம்.
அவன் வரைந்த அம்மாவுக்கு
வெளிறிய முகம், வெள்ளை முடி.
சரியாகத்தான் பார்த்திருக்கிறான் என்று
கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருந்தேன்.

முந்தாநாள், மூன்று பத்து.
மரண அறிவித்தல்களைத் திறந்தேன்.
எங்கள் ஆட்களுக்கு அது
காலைத் தேத்தண்ணிக்கு முன்னால் செய்கிற வேலை;
எனக்குக் காலை எது என்பதில்தான் தகராறு.
கறுப்புக் கரை கறுப்பில் கரைந்து
ஒருவருக்கும் சட்டம் இல்லை.
பிறந்தநாள்காரர்களைப்போல் இருந்தார்கள் எல்லோரும்.
நடுவில் சுலக்ஷனா.
அட, இவளுக்கு நாற்பதாகிவிட்டதா,
சேலைக்கரை வடிவாயிருக்கிறதே என்று
அரை நிமிடம் சந்தோஷமாக இருந்தேன்.
அரை நிமிடம் என்பது கூடுதல்.
படத்துக்குக் கீழே
எழுத்து இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

பொத்தானைத் தட்டினேன்.

வெள்ளை எழும்பி லொபி முழுவதையும் அறைந்தது.
சோபாவில் படுத்திருந்த சுரங்கக்காரன்
முழங்கையால் கண்ணை மூடி என்னவோ திட்டினான்.
நாலு பக்கமும் கறுப்புக் கரை.
பிறப்பிடம். வசிப்பிடம்.
கிரியை ஞாயிறு, எட்மன்டன்.

எட்மன்டனில்தான் எங்கள் முதல் வருடம்.
பேஸ்மென்ற், இரண்டு அறை, நடுவில் ஒரு பலகைக் கதவு.
என் விளக்கு அடியால் கசிந்து
அவள் நித்திரைக்குள் போகும்.
துவாயைச் சுருட்டி இடுக்கில் அடைப்பாள்.
அதற்கும் மசியாது வெளிச்சம்.
'லைற்றை நூரடி, பவளம்!'
எனக்குச் சோதனை.
அவளுக்கு நாலு மணிக்கு டோனட் கடை.
நான் ஒருநாளும் நூர்த்ததில்லை.

இடது புருவத்தில் ஆணி இறங்கத் தொடங்கியது.
பட்டியலில் இப்போது நாலு தளங்கள்,
ஒவ்வொன்றின் பக்கத்திலும் குப்பைக்கூடைக் குறி.

ஏழு மணிக்கு வந்த மரிசெல்
பூட்ஸின் பனியைத் தட்டியபடி கேட்டாள்,
'உனக்கு வெளிச்சம் ஆகாதே, என்ன இது?'
இதில் மட்டும் என்றேன்.
கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.
வாகனத் தரிப்பிடத்தில் ஒரு அண்டங்காக்கை
குப்பைப் பையைக் கிழித்துக்கொண்டிருந்தது.
சத்தம்தான் கேட்டது.
விடிய இன்னும் நாலு மணித்தியாலம்.